ஆட்டோமேட்டிக் கியர் ஸ்லிப் ஆகிறதா? பழைய கரோலாவை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

மேட்டில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை மிதிக்கிறீர்கள். எஞ்சின் அலறுகிறது, ஆர்பிஎம் முள் 2,000-லிருந்து 3,500-க்குத் தாவுகிறது, வண்டியோ அதே வேகத்தில் இழுபடுகிறது. இதுதான் ஸ்லிப். பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் கிடைக்கும்: "ஆயில் மாத்திப் பாக்கலாம் சார்" அல்லது "பாக்ஸ் போச்சு, வேற போட்டுரலாம்". இரண்டுமே சில நேரம் சரிதான். ஆனால் எந்த கியரில், எந்தச் சூட்டில், எவ்வளவு மிதித்தால் வழுக்குகிறது என்று கேட்காமலே சொன்னால் அது வெறும் ஊகம்.

இங்கே எடுத்துக்கொள்வது 1990-களிலும் 2000-களின் முதல் பாதியிலும் வந்த டொயோட்டா கரோலா. இலங்கையில் 110, 121 என்று எண்ணைச் சொன்னாலே வண்டி எதுவென்று தெரிந்துவிடும். 1990-களின் வண்டிகளில் பரவலாக இருந்தது ஏ240 குடும்பத்து 4 கியர் பாக்ஸ். 121-இல் பெரும்பாலும் யு340 குடும்பம். முந்தையதில் கேபிளும் ஹைட்ராலிக்கும் பெரும்பகுதி வேலையைச் செய்யும். பிந்தையது முழுக்க கம்ப்யூட்டர் கட்டுப்பாடு. சோதிக்கும் முறை டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகப் பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள மற்ற பழைய ஆட்டோமேட்டிக்குகளுக்கும் பொருந்தும். பெல்ட்டில் ஓடும் சிவிடி பாக்ஸுக்குப் பொருந்தாது; அதன் கதையே வேறு.

வழுக்குவது எது?

ஒவ்வொரு கியருக்கும் உள்ளே சில கிளட்ச் அடுக்குகள் இறுகிப் பிடிக்க வேண்டும். காகிதம் போன்ற உராய்வுப் பொருள் ஒட்டிய பிளேட்டும் வெறும் ஸ்டீல் பிளேட்டும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். பம்ப் தரும் ஆயில் அழுத்தம் ஒரு பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் அந்த அடுக்கை நசுக்கிப் பிடிக்கிறது. ஆகவே வழுக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: அழுத்தம் போதவில்லை, அழுத்தம் வழியிலேயே கசிகிறது, அல்லது பிளேட் தேய்ந்தோ கருகியோ விட்டது. முதலாவதை வீட்டு வாசலிலேயே சரிசெய்ய வாய்ப்புண்டு. மூன்றாவதைப் பாக்ஸைப் பிரிக்காமல் யாராலும் சரிசெய்ய முடியாது.

ஒன்றிலிருந்து இன்னொன்று பிறக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். அழுத்தம் குறைந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் பிளேட் உரசிச் சூடாகிக் கருகும். கேபிளைத் திருகினால் தீர்ந்திருக்கும் வேலை முழு ஓவர்ஹாலில் போய் முடியும். வழுக்குவது தெரிந்த நாளிலிருந்து நெடுஞ்சாலைப் பயணத்தையும் மேடேறுவதையும் நிறுத்திவிடுங்கள்.

ஸ்லிப் இல்லாத ஸ்லிப்

கியர் லீவரில் உள்ள பொத்தானால் ஓவர்டிரைவ் (நான்காவது கியர்) அணைக்கப்பட்டு, மீட்டரில் 'ஓ/டி ஆஃப்' விளக்கு எரிந்தால், வண்டி நான்காவதுக்குப் போகாது. ஆர்பிஎம் கூடத் தெரிவது அதனால்தான். சட்டென்று அழுத்தி மிதிக்கும்போது கியர் ஒன்று இறங்கி எஞ்சின் இரைவதும் இயல்பே.

80 கி.மீ. வேகத்தில் சீராகப் போகையில் ஆர்பிஎம் 200 முதல் 400 வரை மட்டும் மேலே போய்க் கீழே வருகிறதா? சந்தேகம் டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப் (கன்வெர்ட்டரை எஞ்சினோடு நேரடியாகப் பூட்டும் கிளட்ச்) மேல் திரும்ப வேண்டும். ஆக்சிலரேட்டரை அசைக்காமல் இடது காலால் பிரேக் பெடலை, விளக்கு எரியும் அளவுக்கு மட்டும், தொடுங்கள். லாக்-அப் பிடித்திருந்தால் அப்போது விடுபட்டு ஆர்பிஎம் சற்று ஏறும். எதுவுமே மாறவில்லை என்றால் லாக்-அப் முதலிலேயே பிடிக்கவில்லை. கிளட்ச் அடுக்குகளைக் குறை சொல்ல இன்னும் காரணம் கிடைக்கவில்லை.

வண்டி மந்தமாக இருந்து, ஆர்பிஎம்மும் ஏறவில்லை என்றால் கியர்பாக்ஸை விட்டுவிட்டு எஞ்சினையும் ஒட்டிப்பிடிக்கும் பிரேக்கையும் பாருங்கள்.

முதல் வேலை: ஒரு காகிதமும் பேனாவும்

கூட ஒருவரை உட்காரவைத்து இருபது நிமிடம் ஓட்டுங்கள். எழுத வேண்டியவை: காலையில் குளிர்ந்த நிலையில் எப்படி, சூடான பிறகு எப்படி; 'டி'-யில் கிளம்பும்போது, 1-2 மாறும்போது, 2-3 மாறும்போது, நான்காவதில், ரிவர்ஸில் தனித்தனியாக எப்படி; லேசாக மிதித்தால் எப்படி, பாதி மிதித்தால் எப்படி; 'எல்'-இல் (லோ, முதல் கியர் மட்டும்) போட்டுக் கிளம்பினால் வித்தியாசம் உண்டா; 'எல்'-இல் காலை எடுத்தால் எஞ்சின் பிரேக் பிடிக்கிறதா. கடைசி இரண்டையும் பெரும்பாலானவர்கள் எழுத மாட்டார்கள். நோயைக் காட்டிக்கொடுப்பவை அவைதான்.

குளிரில் வழுக்கி, சூடானதும் சரியானால் பிஸ்டன் சீல் ரப்பர் வயதாகி இறுகிப்போயிருக்கிறது. சூட்டில் கொஞ்சம் இளகி அடைக்கிறது. குளிரில் நன்றாக ஓடி, அரை மணி நேரம் கழித்து வழுக்கினால் ஆயில் சூட்டில் நீர்த்துப்போய், தேய்ந்த பம்ப் வழியாகவோ சீல் வளையங்கள் வழியாகவோ கசிகிறது. வளைவிலும் மேட்டிலும் மட்டும் விட்டு விட்டு வழுக்கினால் அநேகமாக ஆயில் குறைவு: ஆயில் ஒரு பக்கம் ஒதுங்க, ஃபில்டர் காற்றை உறிஞ்சுகிறது.

ஆயில்: அளவு, நிறம், மணம்

ஆட்டோமேட்டிக் ஆயிலை ஏடிஎஃப் என்பார்கள். டொயோட்டாவில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவு பார்க்க வேண்டும். பதினைந்து, இருபது நிமிடம் ஓட்டி ஏடிஎஃப் 70 முதல் 80 டிகிரி வரை சூடானபின், சமதரையில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி பார்க்கிங்கிலிருந்து 'எல்' வரை ஒவ்வொரு நிலையிலும் இரண்டு விநாடி நிறுத்தி மறுபடி பார்க்கிங்குக்கு வாருங்கள். டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, முழுதாகச் செருகி எடுத்தால் 'ஹாட்' கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். நாரில்லாத துணியால் துடையுங்கள்; பஞ்சு உள்ளே போனால் வால்வ் சிக்கும். பழைய ஹோண்டாவில் முறை நேரெதிர்: சூடானபின் எஞ்சினை அணைத்து, ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். ஒன்றின் முறையில் மற்றதைப் பார்த்துவிட்டு ஊற்றினால் அளவு தவறிப்போகும். அளவு மிஞ்சுவதும் கெடுதல்தான். சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரையை நசுக்க முடியும், ஆகவே அதில் அழுத்தம் நிற்காது, வழுக்கும்.

குறைவாக இருந்தால் கசிவைத் தேடாமல் ஊற்றி மட்டும் வைக்காதீர்கள். ஏடிஎஃப் எரிந்து குறைகிற பொருள் இல்லை. பான் (பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு) கேஸ்கட், இரு பக்க ஆக்சில் சீல், கூலர் ஹோஸ் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். எஞ்சினும் பாக்ஸும் சேரும் இடத்துக்குக் கீழே சொட்டினால் பம்ப்பின் முன் சீல் போயிருக்கிறது. பாக்ஸை இறக்கியாக வேண்டும்.

இரண்டு சொட்டு ஏடிஎஃப்பை வெள்ளைத் தாளில் விடுங்கள். சிவப்பும் இளம் பழுப்பும் கவலைக்குரியவை அல்ல. கறுத்து, கருகிய வாடை அடித்து, தாளில் கறுப்புத் துகள் தங்கினால் கிளட்ச் பிளேட் எரிந்திருக்கிறது. ரோஸ்மில்க் போல இருந்தால் உடனே எஞ்சினை அணையுங்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் ஏடிஎஃப் கூலர் அரித்து, தண்ணீர் பாக்ஸுக்குள் போயிருக்கிறது. கூலன்ட் ஊற்றாமல் ஆண்டுக்கணக்கில் குழாய்த் தண்ணீரில் ஓட்டிய வண்டிகளுக்கு வரும் வினை இது. தண்ணீர் பட்ட பிளேட்டில் உராய்வுப் பொருளை ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போகும். ரேடியேட்டரை மாற்றி, பலமுறை ஆயிலை வடித்து மாற்றினால் ஆரம்பத்திலேயே கவனித்த பாக்ஸ் பிழைக்கலாம். வாரக்கணக்கில் அப்படி ஓடியது பிழைக்காது.

ஸ்பேனர் மட்டும் போதுமான இரண்டு காரணங்கள்

பலர் தாண்டிப் போகும் இடம் இது.

ஒன்று, கியர் லீவர் கேபிள். லீவர் 'டி'-யில் நிற்கும், பாக்ஸுக்குள் மேனுவல் வால்வ் 'டி'-க்கும் நியூட்ரலுக்கும் நடுவில் நிற்கும். பாதி திறந்த வழியில் பாதி அழுத்தம்தான் போகும். வழுக்கும்போது லீவரை முன்னும் பின்னும் ஒரு நூல் அளவு நகர்த்திப் பிடியுங்கள். பிடிப்பு மாறினால் நோய் கேபிளில் இருக்கிறது. கேபிளின் நட்டைத் தளர்த்தி, பாக்ஸ் பக்கத்து லீவரைப் பார்க்கிங் முனை வரை தள்ளி, அங்கிருந்து இரண்டு 'கிளிக்' திருப்பினால் நியூட்ரல். உள்ளே லீவரையும் நியூட்ரலில் வைத்து, நட்டை இறுக்குங்கள்.

இரண்டு, த்ராட்டில் கேபிள். ஏ240 குடும்பத்தில் த்ராட்டிலிலிருந்து பாக்ஸுக்கு ஒரு கேபிள் போகும். எவ்வளவு மிதிக்கிறோம் என்பதைப் பாக்ஸுக்குச் சொல்லி அழுத்தத்தைக் கூட்டுவது அதுதான். தளர்ந்தால் அழுத்தம் கூடாது. லேசாக ஓட்டினால் சரி, மிதித்தால் வழுக்கல். எஞ்சின் வேலை பார்த்தபின் கேபிளைச் சரியாக மாட்டாமல் விட்டதால் வரும் ஸ்லிப் அபூர்வமே இல்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவர் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கட்டும். முதலில் த்ராட்டில் தகடு முழுதாகத் திறக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஆக்சிலரேட்டர் கேபிளை முதலில் சரிசெய்ய வேண்டும். பிறகு, பாக்ஸுக்குப் போகும் கேபிளின் ரப்பர் உறை முனைக்கும் உள்கம்பியில் நசுக்கி வைத்திருக்கும் சிறு ஸ்டாப்பருக்கும் இடைவெளி 0 முதல் 1 மி.மீ. இருக்க வேண்டும். கூடவோ குறையவோ இருந்தால் இரண்டு நட்டையும் தளர்த்தி உறையை நகர்த்துங்கள். அதிக அழுத்தம் வேண்டுமென்று அளவுக்கு மீறி இழுத்துக் கட்டுபவர்கள் உண்டு. வழுக்கல் மறைந்த மாதிரி இருக்கும். கியர் தாமதமாகவும் உதைத்தும் மாறும்.

யு340-இல் இந்தக் கேபிள் இல்லை. அழுத்தத்தை ஒரு சாலினாய்டு (மின்சாரத்தில் இயங்கும் வால்வ்) கட்டுப்படுத்துகிறது.

கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது

ஓபிடி-2 (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் பொதுவான இணைப்பு) உள்ள வண்டியில் ஸ்கேனர் போட்டால், பி0730 என்றால் கியர் விகிதம் பொருந்தவில்லை, பி0731 முதல் பி0734 வரை முறையே 1 முதல் 4 வரையான கியரில் அந்தக் குறை. பி0741 லாக்-அப் பிடிக்காததைச் சொல்கிறது. பி0745, பி0748 அழுத்த சாலினாய்டைச் சுட்டுபவை. பி0750, பி0755 கியர் மாற்றும் சாலினாய்டுகள். முதல் வகை 'வழுக்குகிறது' என்று மட்டும் சொல்லும். ஏன் என்பதைச் சொல்லாது. பி0734 வந்ததும் நான்காவது கிளட்சைக் கழற்றக் கூடாது.

அதற்கு முந்தைய எலக்ட்ரானிக் பாக்ஸ்களில் எஞ்சின் அறையின் டயக்னாசிஸ் பெட்டியில் டிஇ1, இ1 முனைகளை ஒரு கம்பியால் இணைத்து, இக்னிஷனைப் போட்டால் 'ஓ/டி ஆஃப்' விளக்கு மினுக்கும்; மினுக்கல்களை எண்ணினால் பழுதின் எண் கிடைக்கும். 62, 63 கியர் சாலினாய்டுகள், 64 லாக்-அப் சாலினாய்டு, 42 வேக சென்சார். முனையைத் தவறாக இணைத்தால் கம்ப்யூட்டர் போகும். பெட்டி மூடியின் உட்புறப் படத்தைப் பார்த்தே இணையுங்கள். மல்டிமீட்டரில் கியர் சாலினாய்டு 11 முதல் 15 ஓம் காட்ட வேண்டும்; யு340-இன் அழுத்த சாலினாய்டு 20 டிகிரியில் 5 முதல் 5.6 ஓம்.

நேரம் அளந்து, பிறகு ஸ்டால்

பாக்ஸ் சூடாக (50 முதல் 80 டிகிரி), ஹேண்ட்பிரேக் போட்டு, நான்கு சக்கரத்துக்கும் கட்டை வைத்து, ஐடிலில் நியூட்ரலிலிருந்து 'டி'-க்கு மாற்றுங்கள். லேசான குலுக்கல் தெரியும்வரை எவ்வளவு நேரம்? 1.2 விநாடிக்குள் வர வேண்டும். ரிவர்ஸுக்கு 1.5 விநாடி. ஒரு நிமிட இடைவெளி விட்டு மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.

வண்டியை நகரவிடாமல் பிடித்து, எஞ்சின் எவ்வளவு ஆர்பிஎம் வரை போகிறது என்று பார்க்கும் ஸ்டால் சோதனை கடுமையானது. ஏடிஎஃப் ஏற்கெனவே கருகியிருந்தால் செய்யவே வேண்டாம். தெரிந்துகொள்ள மிச்சம் எதுவுமில்லை, இருக்கும் பிடியும் போய்விடும். மற்ற வண்டிகளில், முன்னும் பின்னும் ஆளில்லாத இடத்தில், கட்டையும் ஹேண்ட்பிரேக்கும் போட்டு, இடது காலால் பிரேக்கை முழு பலத்தில் மிதித்து, 'டி'-யில் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். ஆர்பிஎம் எங்கே நிற்கிறது என்று பார்த்து உடனே விடுங்கள். ஐந்து விநாடிக்கு மேல் கூடவே கூடாது. சக்கரம் சுழலத் தொடங்கினாலோ ஆர்பிஎம் எகிறினாலோ அப்போதே காலை எடுங்கள். நியூட்ரலில் ஒரு நிமிடமாவது ஓடவிட்டு, ரிவர்ஸில் அதையே செய்யுங்கள். இந்த எஞ்சின்களில் ஏறத்தாழ 2,200 முதல் 2,600 வரை நிற்பது வழக்கம். உங்கள் எஞ்சினுக்கான சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

இரண்டிலுமே எண் அதிகம் என்றால் மொத்த அழுத்தமே குறைவு: ஆயில், ஃபில்டர், த்ராட்டில் கேபிள், பம்ப், ரெகுலேட்டர் வால்வ். இரண்டிலும் குறைவு என்றால் எஞ்சின் பலவீனம். 600 ஆர்பிஎம்முக்கு மேல் குறைந்தால் டார்க் கன்வெர்ட்டருக்குள் ஸ்டேட்டரின் ஒருவழி கிளட்ச். ஒன்றில் மட்டும் அதிகம் என்றால், அழுத்தம் சரி, அந்தப் பக்கத்துக் கிளட்ச்தான் குற்றவாளி.

எந்தக் கிளட்ச்?

இங்கே சொல்வது ஏ240 குடும்பத்துக்கு. யு340-இல் எழுத்தும் அமைப்பும் வேறு, தர்க்கம் ஒன்றே.

முன்னோக்கிய எல்லா கியரிலும் சி1 என்ற கிளட்ச் பிடிக்கிறது. முன்னோக்கி எல்லாமே வழுக்கி ரிவர்ஸ் மட்டும் நன்றாக இருந்தால் சி1. 'டி'-யில் கிளம்பும்போது வழுக்கி, 'எல்'-இல் கிளம்பினால் பிடித்தால் சி1 நல்லது. முதல் கியரைத் தாங்கும் எஃப்2 என்ற ஒருவழி கிளட்ச் போயிருக்கிறது. 'எல்'-இல் பி3 என்ற பிரேக் (சக்கரப் பிரேக் அல்ல, பாக்ஸுக்குள் ஒரு பாகத்தைச் சுழலாமல் பிடிப்பது) கூடவே சேர்ந்து தாங்குவதால் அங்கே குறை மறைகிறது. இரண்டாவதில் மட்டும் வழுக்கினால் பி2 அல்லது எஃப்1.

ரிவர்ஸ் வழுக்கினால் பெரும்பாலும் சி2, பி3 இரண்டில் ஒன்று. இங்கேதான் காகிதத்தில் எழுதிய கடைசி வரி வேலைக்கு வருகிறது. 'எல்'-இல் எஞ்சின் பிரேக் பிடிக்கிறதென்றால் பி3 நலம், சி2 போயிருக்கிறது. சி2 மூன்றாவதிலும் நான்காவதிலும் வேலை செய்வதால் 2-3 மாறும்போதும் ஆர்பிஎம் எகிறும். இரண்டும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம். எஞ்சின் பிரேக் இல்லையென்றால் பி3. முதல் மூன்றும் ரிவர்ஸும் நன்றாக இருந்து நான்காவது மட்டும் வழுக்கினால் சி3. அந்த நிலையில் ஓவர்டிரைவை அணைத்துவிட்டு வீடுவரை ஓட்டி வரலாம்.

பிரஷர் கேஜ் இருந்தால் (20 பார் வரை காட்டுவது) ஊகத்துக்கே இடமிருக்காது. அழுத்தம் அளப்பதற்கென்று பாக்ஸில் உள்ள துளையில் மாட்டி 'டி'-யிலும் ரிவர்ஸிலும் பாருங்கள். ரிவர்ஸில் கூடுதலாக இருப்பது இயல்பு. அழுத்தம் நிறைந்திருந்தும் வழுக்கினால் பிளேட் தீர்ந்தது என்று பொருள்.

பானைக் கழற்றுதல்

"பழைய பாக்ஸில் ஆயில் மாற்றினால் பாக்ஸ் போய்விடும்" என்ற பேச்சு ஊரெங்கும் உண்டு. ஏற்கெனவே சாகப்போகும் பாக்ஸில் கடைசி முயற்சியாக ஆயில் மாற்றுகிறார்கள், அது சாகிறது, பழி ஆயில் மேல் விழுகிறது. மெஷின் வைத்து அழுத்தி ஃப்ளஷ் செய்வதை மட்டும் பழைய பாக்ஸில் தவிருங்கள். படிந்த அழுக்கு கிளம்பி வால்வ் பாடியில் (ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வுகள் உள்ள பகுதி) அடைக்கும்.

1. கை பொறுக்கும் சூட்டில் டிரெயின் போல்ட்டைக் கழற்றி வடித்து, எவ்வளவு வந்தது என்று அளந்து வையுங்கள். சுமார் 3 லிட்டர் வரும். மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 7 லிட்டர். மீதி கன்வெர்ட்டரில் தங்கிவிடும்.

2. பானை இறக்கி, காந்தங்களைப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை மெல்லிசாக இருந்தால் வயதின் தேய்மானம். கையில் நெருடும் இரும்புச் சில்லு பேரிங், கியர், ஸ்டீல் பிளேட்டிலிருந்து வருவது. காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் மினுக்கு புஷ் (தண்டைத் தாங்கும் உலோக வளையம்) தேய்மானம். கறுப்புச் சக்கை நிறைய இருந்தால் அது பிளேட்டின் உராய்வுப் பொருள். பானை மூடிவிட்டு ஓவர்ஹாலுக்குப் பணம் சேருங்கள்.

3. ஃபில்டரை மாற்றும்போது பழைய ஓ-ரிங் அல்லது கேஸ்கட் மேலேயே ஒட்டி நின்றுவிடும். அதன் மேலேயே புதியதை மாட்டினால் காற்று இழுக்கும். வேலை செய்வதற்கு முன் இருந்ததைவிட மோசமாக வழுக்கும்.

4. கேஸ்கட் வைக்கும் பானுக்கு சிலிகான் பூச வேண்டாம். பிதுங்கிய துணுக்கு வால்வில் சிக்கும். பான் போல்ட்டுகளுக்கு 5 முதல் 8 நியூட்டன் மீட்டர்தான். கையில் சிறு ராட்செட் பிடித்து இறுக்கும் பலம் போதும். மீறினால் பான் விளிம்பு வளைந்து நிரந்தரமாகக் கசியும்.

5. டிப்ஸ்டிக் குழாய் வழியாக நீண்ட புனலில் 2.5 லிட்டர் ஊற்றி, எஞ்சினைப் போட்டு, எல்லா நிலைக்கும் லீவரை நகர்த்தி, பிறகு 200 மி.லி. அளவில் சேர்த்துச் சரிபாருங்கள்.

ஒருமுறை வடித்தால் 43 சதவீதம்தான் புதிய ஆயில். ஒரு வாரம் ஓட்டி இரண்டாவது முறை செய்தால் 67, மூன்றாவது முறை 81. எந்த ஏடிஎஃப் என்பது பெரும்பாலும் டிப்ஸ்டிக்கிலேயே பொறித்திருக்கும்: பழையவற்றுக்கு டெக்ஸ்ரான், பிறகு வந்தவற்றுக்கு டைப் டி-ஃபோர், அதன் பின் டபிள்யூஎஸ். 'எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என்று எழுதிய டப்பாவை நம்பி வாங்குவதைவிடச் சரியான இனத்தைத் தேடுவது மேல். சில பழைய 3 கியர் பாக்ஸ்களில் டிஃபரன்ஷியலுக்குத் தனி அறை, தனி ஆயில். அது வற்றிக் கிடப்பதை யாரும் பார்ப்பதில்லை.

ஸ்லிப்பை நிறுத்தும் என்று விற்கும் மருந்துகள் ரப்பர் சீலை உப்பவைக்கும். குளிரில் மட்டும் வழுக்கும் வண்டிக்குச் சில மாதம் உதவலாம். கருகிய பிளேட்டில் அவற்றால் எதுவும் ஒட்டாது.

ஓவர்ஹாலா, பழைய பாக்ஸா?

சென்னை புதுப்பேட்டையிலோ கொழும்பு பஞ்சிகாவத்தையிலோ பயன்படுத்திய பாக்ஸ் கிடைக்கும். ஓவர்ஹாலைவிட மலிவு, ஒரே நாளில் வேலை முடியும். ஆனால் மேசை மேல் இருக்கும் பாக்ஸை ஓட்டிப் பார்க்க முடியாது. டிப்ஸ்டிக் துளையிலோ டிரெயினிலோ வரும் சொட்டை முகர்ந்து பாருங்கள், பானைக் கழற்றிக் காந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். மாடல் குறியீடு ஒன்றாக இருக்க வேண்டும்; ஒரே குடும்பம் என்றாலும் கியர் விகிதம், சென்சார், கனெக்டர் மாறும்.

ஓவர்ஹால் என்றால் போன கிளட்ச் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லி மிச்சம் பிடிக்காதீர்கள். எல்லா அடுக்குகளின் உராய்வுப் பிளேட், நீலம் பாய்ந்த ஸ்டீல் பிளேட், முழு சீல் செட், ஃபில்டர், தேய்ந்த புஷ் ஆகியவை ஒரே தடவையில் மாற வேண்டும். கறுத்த ஆயில் ஓடிய கன்வெர்ட்டரை வெட்டித் திறந்து ரீபில்டு செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள். கழுவுவதால் உள்ளே உள்ள சக்கை முழுதாக வராது. கூலரையும் குழாயையும் ஃப்ளஷ் செய்து காற்றடிக்க வேண்டும். புதிய பிளேட்டைப் பூட்டும்முன் 15 நிமிடமாவது ஏடிஎஃப்பில் ஊறவைக்க வேண்டும். உலர்ந்து பூட்டினால் முதல் கிலோமீட்டரிலேயே கருகத் தொடங்கும். அடுக்குகளைப் பூட்டியதும் ஒவ்வொரு துளையிலும் சுமார் 4 பார் காற்றடித்தால் பிஸ்டன் 'தொம்' என்று அடிக்கும் சத்தம் கேட்க வேண்டும். உஸ்ஸென்று காற்று போனால் சீல் மடங்கியிருக்கிறது. அப்போதே பிரிப்பது நல்லது.

பாக்ஸை எஞ்சினோடு சேர்க்கும்போது கன்வெர்ட்டர் பம்ப்புக்குள் முழுதாக உட்கார்ந்ததா என்று பெல் ஹவுசிங் விளிம்பிலிருந்து ஸ்கேல் வைத்து அளந்து, மேனுவல் எண்ணோடு ஒப்பிடுங்கள். இடைவெளி மிச்சமிருக்க, போல்ட்டை இறுக்கி இழுத்தால் புதிதாகக் கட்டிய பம்ப் நொறுங்கும். கடைசியாக ஏடிஎஃப் நிரப்பி, 20 கி.மீ. ஓட்டி, சூட்டில் ஒருமுறை, அடுத்த நாள் மறுபடி ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். காலியாக இருந்த கன்வெர்ட்டரும் கூலரும் நிரம்பும்போது அளவு இறங்கும்.